மரகதம் என்ற பெயர்

ஆரணியில் நான்கு பட்டுத் தறிகள் ஓடும் வீட்டின் எஜமானி மரகதம். முள்ளிப்பட்டிலிருந்து நூல் சுற்ற வந்த கிழவியும் தன் பெயர் மரகதம் என்றதும் அவள் முகம் சுளித்தாள்.

"மரகதம்னா ராஜாக்கள் போட்டுகினு இருந்த பச்சைக் கல்லு. கூலிக்கு வர்ற உனக்கு எதுக்கு அந்தப் பேரு? இங்க நீ சின்னக்கண்ணு."

"சரிங்கம்மா" என்று கிழவி வேலைக்கு உட்கார்ந்தாள்.

மறுவாரம் வந்தவாசியிலிருந்து வந்த எஜமானியின் அம்மா, கிழவியைக் கண்டதும் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்களா?" என்றவள் மகளிடம் திரும்பினாள். "நீ பொறந்தப்ப நான் காய்ச்சல்ல கெடந்தேன். மூணு மாசம் இவங்கதான் உனக்குப் பால் கொடுத்தாங்க. அந்த நன்றிக்குத்தான் இவங்க பேரை உனக்கு வெச்சேன்."

மரகதம் கூசிப்போய் நின்றாள்.

"விடுங்கம்மா" என்றாள் கிழவி அவளிடம். "குழந்தைக்கு எப்படித் தெரியும்?"