கேப்டன் வாங்கிய மஞ்சள் அட்டை

“உனக்கு இங்கே காபி கிடையாது. எழுந்து வெளியே போ!”

டியோலிண்டா கடையைத் திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. முதல் ஆளாக வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் எர்மீனியோ, துறைமுக அணியின் கேப்டன். நேற்றுக் காலை வரை இந்த ஊரில் எந்தக் கடையிலும் அவனிடம் காபிக்குக் காசு வாங்கியதில்லை.

“அக்கா, விடிஞ்சதும் விடியாததுமா ஆரம்பிச்சிட்டீங்களா?”

“ஆரம்பிக்காம? நம்ம ஊரு ஐரோப்பியக் கோப்பைப் பக்கம் என்னிக்காவது தலைவச்சுப் படுத்திருக்கா? இந்த வருஷம்தான் முதல் தடவையா உள்ள போனோம். ஐஸ்லாந்துக்காரனைக் கவுத்தோம், கிரேக்கனைக் கவுத்தோம், நேத்து ருமேனியாக்காரனுக்கு மூணு கோல் போட்டோம். ஃபைனல் வந்தாச்சு. இன்னும் ரெண்டு நிமிஷம் பேசாம நின்னிருந்தா உனக்கு என்ன கொள்ளை?”

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. நேற்றைய அரையிறுதி முடிய இரண்டே நிமிடம். நடுவர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்திய பிறகு, எர்மீனியோ பந்தை ரசிகர்கள் தலைக்கு மேலே பறக்கவிட்டான். மஞ்சள் அட்டை. இந்தப் போட்டியில் அவனுக்கு அது இரண்டாவது. இரண்டு சேர்ந்தால் அடுத்த ஆட்டத்தில் இறங்கக் கூடாது என்பது சட்டம். அடுத்தது இறுதி ஆட்டம், ஜெர்மன்காரர்களோடு.

அவனுக்குப் பதில் இறங்கப் போகிறவன் ஜசிந்தோ. எட்டு வருடமாக மாற்று ஆட்டக்காரனாகவே உட்கார்ந்திருப்பவன். டியோலிண்டாவின் சொந்த மாப்பிள்ளை.

“மாப்பிள்ளைக்கு இடம் கிடைச்சுதுன்னு நான் குதிப்பேன்னு பாத்தியா? தங்கமான பையன்தான். ஆனா எட்டு வருஷமா பெஞ்சைத்தானே தேய்ச்சான்! நேத்துலேர்ந்து பயத்துல அவனுக்கு ஒரு வாய் சூப் இறங்கல.”

“இறங்கும், இறங்கும். ஆட்டத்துக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு.”

“சிரிக்காதே, பத்திக்கிட்டு வருது! அந்த நடுவர் எவ்வளவு நல்ல மனுஷன். முதல்ல பந்தை எறியறதுக்கு ஒரு யுகம் எடுத்துக்கிட்டே. சீக்கிரம்ப்பான்னு கை காட்டினார். அப்புறம் அவர் வச்ச பந்தை நகத்தி நகத்தி வச்சே. விரலை ஆட்டிட்டு விட்டுட்டார். அதோட விடாம, மூணாவதா வானத்துக்கு உதைச்சே! எவனாவது மஞ்சள் அட்டையைக் கெஞ்சிக் கேட்டு...”

வார்த்தை பாதியில் நின்றது. துடைத்துக்கொண்டிருந்த கோப்பையோடு டியோலிண்டாவும் அப்படியே நின்றாள்.

“கேட்டுத்தான் வாங்கினேன், அக்கா. அந்த மனுஷனுக்குப் புரியவைக்கிறதுக்குள்ள தாவு தீர்ந்துடுச்சு.”

எர்மீனியோ வலது கால்சட்டையை மடித்து ஏற்றினான். முழங்கால் ரொட்டி மாதிரி உப்பிக் கிடந்தது.

“ஜனவரியிலேர்ந்து ஊசியிலதான் ஓடிச்சு. நேத்தோட ஊசியும் கேக்கறதில்ல.”

“அட பாவி! பயிற்சியாளர்கிட்டச் சொல்லித் தொலைக்கிறதுதானே?”

“சொன்னேனே. ஒத்தைக் கால்ல நின்னாலும் நீதான் கேப்டன், இன்னொரு ஊசி போட்டுக்கோங்கறார். ஊரும் அதையேதான் சொல்லும். எனக்கும் ஆசை யாரை விட்டுது? சரின்னு இறங்கிடுவேன். ஜெர்மன்காரன் என் பக்கமாவே ஓடி வந்து நாலு கோல் போட்டுட்டுப் போவான்.”

“உன்னை உக்காரவச்சிட்டு ஜசிந்தோவை இறக்கினா?”

“அவன் ஒரு பந்தைத் தவறவிட்டாப் போதும், மைதானம் மொத்தமும் என் பேரைச் சொல்லிக் கத்தும். அதைக் காதுல வாங்கிக்கிட்டு எவனால ஆட முடியும்? இப்ப என்னைக் கூப்பிடச் சட்டத்துல இடமே இல்ல. கத்திப் பிரயோசனமும் இல்ல.”

“ஊரே உன்னைக் கரிச்சுக் கொட்டுதேடா!”

“கொட்டட்டும். என்னைத் திட்டற வரைக்கும் அவனை யாரும் திட்ட மாட்டாங்க. எழுதி வச்சுக்கோங்க அக்கா, உங்க மாப்பிள்ளை கோப்பையோடதான் வருவான். பயிற்சியில நான் அவனைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோயி ரெண்டு வருஷமாச்சு. எனக்குத் தெரியும், ஊருக்குத்தான் தெரியாது.”

“இதெல்லாம் ஜசிந்தோவுக்குத் தெரியுமா?”

“மூச்சு விட்டுடாதீங்க. தெரிஞ்சா, நான் போட்ட பிச்சைன்னு நினைச்சுக் குன்றிப் போயிடுவான்.”

இந்த மனுஷனையா வாய்க்கு வந்தபடி பேசினோம் என்று டியோலிண்டாவுக்கு வெட்கமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ள நேரமில்லை. படகிலிருந்து மீனை இறக்கிவிட்டு ஆட்கள் திபுதிபுவென்று கடைக்குள் நுழைந்தார்கள்.

“அடடே, நம்ம மகராசன்! ஜெர்மன்காரன் எவ்வளவு குடுத்தான், கேப்டன்?”

எர்மீனியோ மேஜையைப் பிடித்து எழப் பார்த்தான். கால் ஊன்றவில்லை. நொண்டி ஓர் அடி வைத்தால் போதும், குட்டு உடைந்துவிடும். அத்தனை பேர் கண்ணும் அவன் மேல்தான்.

டியோலிண்டா விறுவிறுவென்று வந்தாள். அவன் கக்கத்தில் கைகொடுத்து வெடுக்கென்று தூக்கி நிறுத்தினாள்.

“பொறுப்பு கெட்டவனே! முப்பத்தஞ்சு வயசாகியும் அறிவு முளைக்கலையே உனக்கு! இனிமே இந்தப் பக்கம் தலைகாட்டினே, கொதிக்கிற பாலை எடுத்து மூஞ்சியில ஊத்துவேன்!”

கடையே கைதட்டி ஆரவாரித்தது. அவள் திட்டின திட்டு தெருமுனை வரை கேட்டது. திட்டிக்கொண்டே அவனைத் தெருமுனை வரை இழுத்துப் போனாள், அவன் பாரம் முழுவதையும் தன் தோளில் தாங்கிக்கொண்டு.