பரிசோதனைக்கூடத்துப் பழைய கம்ப்யூட்டர்

"இந்தப் பழைய கம்ப்யூட்டர் என்னைக்கு வேணா கையை விரிச்சிடும், மேடம். உள்ள இருக்கிறதை அப்படியே சர்வருக்குள்ளயே ஓடுற வெர்ச்சுவல் மெஷினா மாத்திடலாம்" என்று மூன்றாவது முறையாகக் கெஞ்சினான் கணினிப் பொறியாளன்.

ரத்தப் பரிசோதனைக்கூடத்தின் தலைமை அதிகாரி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பதினோரு வருஷ ரிப்போர்ட் இருக்கு. ஒண்ணு தொலைஞ்சாலும் நோயாளிக்கு யாருப்பா பதில் சொல்றது? இந்த வேகம் உன் சர்வர்ல வருமா?"

அவனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "போன வெள்ளிக்கிழமையே மாத்திட்டேன், மேடம். அஞ்சு நாளா நீங்க சர்வர்லதான் வேலை பார்க்குறீங்க. மேஜைக்கடியில இருக்கிறது வெறும் பெட்டி."

"தெரியும். சனிக்கிழமையே காலுக்கு அந்தப் பெட்டியோட சூடு வரலை."

அவன் சிரிப்பு நின்றது. "அப்புறம் ஏன் வேண்டாம்னு சொல்லிட்டே இருந்தீங்க?"

"கேட்காம செஞ்சதை நீயா வந்து சொல்றியான்னு பார்த்தேன்."

அச்சடித்த ரிப்போர்ட் கட்டு ஒன்றை அவன் பக்கம் நகர்த்தினார்.

"சர்வர்ல இருக்கிறதோட பாதியை நான் ஒத்துப் பார்த்துட்டேன். மீதியை நீ பாரு. உக்காரு."