கேயாஸ் என்றால்?

பதவி உயர்வுக்காக நாள்களை எண்ணிக்கொண்டிருந்த எழுத்தர், மேலாளரின் மேஜைமேல் கிடந்த ரகசிய அறிக்கையை எட்டிப் பார்த்துத் தொலைத்தார். 'இவருடைய வேலை முழுக்கவே கேயாஸ்' என்று இருந்தது. அதற்குமேல் படிக்க அவருக்குத் தெம்பில்லை.

வீட்டுக்கு வந்தவர், மனைவியிடம் அகராதியை நீட்டினார்.

"ஒழுங்கின்மை, பெருங்குழப்பம், அலங்கோலம்... மூணு அர்த்தம் போட்டிருக்குங்க."

"இதுல எங்க மேலாளர் எதைச் சொல்றாரு?"

"எதுக்கு வீண் சந்தேகம்? மூணுமே உங்களுக்குக் கச்சிதமா இருக்கு."

எழுத்தருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்றே நாளில் காகிதக் குவியல்களைப் பிரித்து, கோப்புகளை வரிசையாக அடுக்கி, முகம் தெரியும்படி மேஜையைத் துடைத்து வைத்தார். மேஜையின் நிறம் பச்சை என்பதே அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

நான்காம் நாள் மேலாளர் வந்து பார்த்துப் பேயறைந்தவர்போல் நின்றார்.

"என்னய்யா பண்ணி வெச்சிருக்கே?"

"என்னைப் பத்தி கேயாஸ்னு எழுதியிருந்தீங்களே சார், அதான்..."

"நான் எங்கய்யா எழுதினேன்? அது தலைமை அலுவலகம் என்னைப் பத்தி எழுதினது!" மேலாளர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "எல்லாத்துக்கும் நீதான் காரணம்னு பதில் அனுப்பிட்டேன். நாளைக்கு உன் மேஜையைப் பார்க்க வர்றாங்க!"

எழுத்தர் பளபளத்த மேஜையைத் திரும்பிப் பார்த்தார்.

மேலாளர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"காலைக்குள்ள எல்லாத்தையும் பழையபடி கலைச்சு வெச்சுடுய்யா. உன் பதவி உயர்வுக்கு நான் பொறுப்பு."