வலது கால்

வலது ஷூவைக் கழற்றினார். சாக்ஸையும் உருவி அதற்குள் திணித்தார்.

வெறுங்காலால் மிதித்தால்தான் அவருக்குப் பெடல் படியும். மேடையில் எப்போதும் அப்படித்தான்.

இசைக்கருவிக் கடைப் பெண் ரோசலின் இன்னும் மூன்று பெடல்களைக் கொண்டுவந்து தரையில் வைத்தாள். முன்பு காட்டியவை ஓரமாகக் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை சொல்லியாயிற்று. ஒன்று கல் மாதிரி, ஒன்று பஞ்சு மாதிரி. ஒன்றின் நிறம் பிடிக்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு நொட்டை சொல்லியிருக்க மாட்டார்கள்.

"பழைய பெடலுக்கு என்ன சார் ஆச்சு?"

"மக்கர் பண்ணுதும்மா. லேட்டா எடுக்குது."

கொஞ்சம் கிட்டார் வாசித்துவிட்டு, தாளம் திரும்பும் இடத்தில் பெடலைச் சரியாக மிதிக்க வேண்டும். பெடலோடு இணைத்த லூப் பெட்டி, வாசித்ததைப் பதிந்துகொண்டு திரும்பத் திரும்ப வாசிக்கும். அதன் மேல் இன்னொரு கிட்டார். அதன் மேல் அவர் குரல். கூட வாசித்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்ட பிறகு அந்தப் பெட்டிதான் அவருடைய குழு.

அதை நடத்தியது வலது கால்.

மிதி ஒரு இம்மி பிந்தினால் பாட்டில் ஓட்டை விழும். அந்த ஓட்டையும் திரும்பத் திரும்ப வரும்.

போன வாரம் ஒரு கல்யாண ரிசப்ஷனில் வந்தது. பிரியாணித் தட்டிலிருந்து தலைகள் நிமிர்ந்தன. வருகிற ஞாயிறும் இப்படி ஆனால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று ஏஜென்ட் மரியாதையாகவே சொன்னான்.

அந்த மரியாதைதான் அவரைக் கடைக்குக் கொண்டுவந்தது. பாட்டைத் தவிர வேறொன்றும் அவருக்குத் தெரியாது.

பெடல்தான் கோளாறு. வேறென்ன?

சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டரம்மா போன மாதம் அவரைக் கண்ணை மூடச் சொன்னார். உள்ளங்காலில் நைலான் இழையால் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். இவர் ஒன்று விடாமல் தெரிகிறது என்றார். டாக்டரம்மா பாராட்டவில்லை. இவர் கண்ணைத் திறந்தபோது இழை எப்போதோ மேஜைக்குப் போயிருந்தது.

ஸ்டூலில் உட்கார்ந்து கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டார்.

முதல் பெடல். மிதித்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணுக்குத் தெரிந்தது. காலுக்குத் தெரியவில்லை.

இரண்டாவதும் அதே கதை.

மூன்றாவதுக்குக் கண்ணை மூடிக்கொண்டார். வாசித்தார். தாளம் திரும்பியது. பெருவிரலை ஊன்றி அழுத்தினார்.

வந்தது.

அந்தப் பழைய சொடுக்கு. சின்னதாக, சுத்தமாக, பாதத்திலிருந்து முழங்கால் வரை ஏறியது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. போன உயிர் திரும்பிவந்த மாதிரி இருந்தது.

"இதுதாம்மா. க்ளிக் எவ்ளோ நல்லா இருக்கு பாரு. இதையே பில் போட்டுடு."

ரோசலின் நகரவில்லை.

"சார்," என்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இந்த மாடல்ல க்ளிக்கே வராது சார். மைக்ல சத்தம் விழக் கூடாதுன்னு எடுத்துட்டாங்க."

கண்ணைத் திறந்தார். பெடலில் விளக்கு எரியவில்லை.

குனிந்து பார்த்தார். பெருவிரல் பெடலுக்கு வெளியே, கடைத் தரையில் வெளுத்துப்போகும் அளவுக்கு அழுந்தியிருந்தது. யாருடைய காலையோ பார்ப்பது போல அதைப் பார்த்தார்.

காலை நகர்த்த வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

ரோசலின் மண்டியிட்டாள். அவர் காலைத் தொடாமல் பெடலை மட்டும் எடுத்தாள். பக்கத்து மேஜையில், அவருக்கு எட்டும் தூரத்தில் வைத்தாள். அவள் வீட்டிலும் சர்க்கரைக்காரர் யாராவது இருந்திருக்கலாம்.

"ஒரு ஸ்டாண்டு போட்டு இப்படி வெச்சுக்கலாம் சார். நெறைய பேர் கையாலயே தட்டிக்கிறாங்க."

நல்ல மனதோடுதான் சொன்னாள்.

அவர் தலையாட்டினார்.

இடது கை கம்பிகளை அழுத்திப் பிடித்திருந்தது. வலது கை, அடுத்த மீட்டலுக்கு ஓங்கிய இடத்திலேயே நின்றிருந்தது.