மூன்றாவது இடம்

கையும் களவுமாகப் பிடிபட்டாள் முனியம்மா.

அயப்பாக்கம் ஏரிக்கரை. அவள் கையில் கவிழ்த்த பக்கெட். தண்ணீரில் சாணிக் கரைசல் பச்சையாகப் பரவிக்கொண்டிருந்தது.

“அக்கா! என்ன பண்றீங்க?”

முனியம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “இன்னிக்கு சீக்கிரமா வந்துட்டியே கண்ணு” என்றபடி பக்கெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். பக்கெட்டை மறைக்கலாம், ஏரியை எங்கே மறைப்பது?

காவ்யா தண்ணீர் பரிசோதனை லேபில் வேலை பார்ப்பவள். ஏரிக்கு வந்த சாக்கடையை அடைத்ததிலிருந்து, மாதம் ஒருமுறை மூன்று இடங்களில் தண்ணீர் எடுத்துப்போய் அதில் எவ்வளவு பாக்டீரியா என்று எண்ணுவாள். இரண்டு இடங்கள் சுத்தமாகிவிட்டன. முனியம்மாவின் எருமைக் கொட்டகைக்கு எதிரே உள்ள மூன்றாவது இடத்தில் மட்டும் மூன்று மாதமாகக் கணக்கு ஏறிக்கொண்டே போனது.

இத்தனைக்கும் அந்தக் கரையில் காவ்யாவை மனுஷியாக மதித்தது முனியம்மா ஒருத்திதான். முதல் திங்கட்கிழமை என்றால் காலையிலேயே மோரோடு கரையில் வந்து நிற்பாள். “இன்னிக்கு எத்தினி கிருமி கீது?” என்று விசாரிப்பாள்.

ஒருநாள் காவ்யா விளக்கினாள்: “கிருமின்னா எல்லாமே கெட்டது இல்லக்கா. இந்த மோரே கிருமி பண்ணதுதான். சேத்துல இருக்கிறதுங்க அழுக்கைத் தின்னு தண்ணிய சுத்தம் பண்ணுதுங்க. நாங்க எண்றது, சாணியில, மலத்துல இருந்து வர்றதை மட்டும்தான்.”

“அப்ப நம்ம ஜனங்க மாதிரின்னு சொல்லு. நல்லதும் கீது, கெட்டதும் கீது” என்று சிரித்தாள் அன்றைக்கு.

சாணி என்று தன் வாயாலேயே சொல்லிக்கொடுத்தது இப்போது காவ்யாவைச் சுட்டது.

“ஏரி சுத்தமாயிட்டா வேலி போட்டுடுவாங்க. எருமையை இறக்க முடியாது. அதானே உங்க கவலை?”

“எருமையா? போன மாசமே வித்துட்டேனே. கால் வலில பாத்துக்க முடியல.”

காவ்யா திரும்பிப் பார்த்தாள். கொட்டகை காலியாகத்தான் இருந்தது.

“அப்ப இந்தச் சாணி?”

“திருமுல்லைவாயல்ல ஒரு ஊட்ல கேட்டு வாங்கியாந்தேன். ஷேர் ஆட்டோக்காரன் நாத்தம்னு ஏத்தல. நடந்தே வந்தேன்.”

காவ்யாவுக்குக் கோபம் தலைக்கேறியது. கால் வலிக்கிறதாம், அவ்வளவு தூரம் நடந்து சாணி சுமந்து வந்தாளாம்!

“யாரு உங்களை ஊத்தச் சொன்னது?”

“என்னாண்ட யாரு கண்ணு வந்து பேசப் போறாங்க? பெத்த புள்ள அஜித்குமாரு தோ, பூந்தமல்லிலதான் கீறான். பொங்கலுக்குக்கூட எட்டிப் பாக்கல.”

“பேச்சை மாத்தாதீங்கக்கா! எந்த பைப் ஒழுகுதுன்னு வெயில்ல இந்தக் கரை பூரா தேடி அலைஞ்சேன். லேப்ல எனக்குத் திட்டு. அந்த ரெண்டு இடத்துக்கும் போறதை நிறுத்தி மூணு மாசமாச்சு. நீங்க மட்டும் இதை ஊத்தலைன்னா, இங்கயும் எப்பவோ வேலை முடிஞ்சிருக்கும். நான் இந்தப் பக்கமே வர வேண்டி இருந்திருக்காது!”

முனியம்மா பக்கெட்டைக் கீழே வைத்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

“அதுக்குத்தான் கண்ணு ஊத்தினேன்.”