மீன்தொட்டிக்குள் ஒரு புதிய விசை

ஆய்வுக்கூடத்தின் திரைகள் மூடியிருக்கின்றன. தாங்கியில் நூல் கட்டித் தொங்கும் சின்னக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம், எதிர்ச்சுவரில் மிளகளவு பொட்டாக நிற்கிறது. பேராசிரியர் ஓர் ஈயக் குண்டைக் கைக்குழந்தைபோல் ஏந்திக்கொண்டு கண்ணாடியருகே குனிகிறார். பொட்டு நகர்கிறது. "பாத்தியா, என் விசை!" உலகம் அறியாத அந்த விசைக்குத் தம் பெயரையே சூட்டிவிட்டார், நாளைக் காலை பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள், சட்டைகூடத் தேய்த்தாகிவிட்டது. அதே துறையில் வேலை பார்க்கும் தங்கை, வீட்டிலிருந்து சுமந்துவந்த மீன்தொட்டியைக் கவிழ்த்துத் தாங்கியோடு எல்லாவற்றையும் மூடுகிறாள். "மீனெல்லாம் எங்க?" "வாளியில. இப்பக் குண்டைக் கொண்டு வாங்க, அண்ணா." "எத்தனை தடவைதான் செய்யறது?" "இதுவரைக்கும் செஞ்சதெல்லாம் ஊருக்குக் காட்டுற சோதனை. இது நாம தெரிஞ்சுக்க." அவர் குனிகிறார். பொட்டு கல்லாய் நிற்கிறது. தங்கை தொட்டியைத் தூக்குகிறாள். "இப்ப வெறுங்கையோட குனிங்க." பொட்டு துள்ளி ஓடுகிறது. "உங்க மூச்சு, அண்ணா." அவர் காது மடல்கள் சிவக்கின்றன. குண்டு மேசையில் உருண்டு ஒரு புத்தகத்தில் முட்டி நிற்கிறது. "நாளைக்கு அத்தனை பேர் முன்னால மட்டும் இது தெரிஞ்சிருந்தா..." என்கிறார். பிறகு, "மானத்தைக் காப்பாத்தினே, தாயே." "நன்றியை மீனுங்களுக்குச் சொல்லுங்க. வீட்டை விட்டுக் குடுத்தது அதுங்கதான்." அவள் சிரித்துக்கொண்டே தொட்டியை மறுபடி கவிழ்க்கிறாள். அவர் அதன்மேல் நெற்றியைச் சாய்த்து, நெஞ்சு நிறைய ஒரு பெருமூச்சு விடுகிறார். தொட்டியில் ஆவி படர்கிறது. சுவரில் பொட்டு அசையவே இல்லை.