டிரைவர் அண்ணனின் மகள்

டயாலிசிஸ் பிரிவுக்குள் வந்தவளை நர்ஸ் உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"பஸ் டிரைவர் அண்ணனோட பொண்ணுதானே? அவர் போய் மூணு மாசமாச்சு, எங்களுக்கே இன்னும் மனசு ஆறல. பதினொரு வருஷம் இங்க டயாலிசிஸுக்கு வந்தார்! ஊசி குத்தும்போதுகூட, 'மெதுவா ஓட்டும்மா, வண்டிக்குள்ள என் குடும்பமே உட்கார்ந்திருக்கு'ன்னு சிரிப்பார்."

"இங்கேர்ந்து நேரா வந்து எனக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பார்க்கா" என்றாள் அவள், கண் கலங்க.

"அவர் சாமான் ஏதாவது எடுக்க வந்தியாம்மா?"

அவள் டாக்டரின் சீட்டை நீட்டினாள். "அப்பாவோட நோய் எனக்கும் வந்திருக்குக்கா. இன்னிக்கு முதல் நாள்."

நர்ஸ் சீட்டை வாங்கிக்கொண்டார். அவள் தானாகவே கட்டிலில் ஏறிப் படுத்தாள்.

"முதல் நாள் அப்பா பயந்தாராக்கா?"

"நடுங்கிட்டார்மா. முடியறவரைக்கும் என் கையை விடவே இல்ல."

அவளும் கையை நீட்டினாள். நர்ஸ் இறுகப் பற்றிக்கொண்டார்.